எல்லாருக்கும் முழு அனுமதி

2024 ஜனவரி முதலாம் திகதி, திங்கட்கிழமை. இலங்கையில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகக் கூடிய நாள். கொழும்பு புறக்கோட்டை மலிபன் வீதியில் காகிதாதிகளை மொத்தமாக விற்கும் கடை முதலாளி ஒருவர் காலை பத்தரை மணிக்கு என்னை அழைத்தார். அவருடைய கடையில் பில் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது நான்தான். "தங்கச்சி, நீங்கள் சொன்னபடி நேற்று இரவே 18 என்று மாற்றிவிட்டேன். நான் பில் போட்டால் 18 வருகிறது. தம்பி போட்டால் 15 வருகிறது. இருப்பது ஒரே கணினி. இது எப்படி?" என்றார். எப்படி என்று எனக்கும் விளங்கவில்லை. வரி வீதம் ஒரே ஒரு கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கோப்பு, அதில் ஓர் எண். இரண்டு பேர் அதைத் திறந்தால் இரண்டு எண் தெரிய வழியே இல்லை என்றுதான் அந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் 100 இலக்க பஸ் ஏறி, காலி வீதி நெரிசலில் நின்றபடியே அதையே யோசித்துக்கொண்டு புறக்கோட்டையில் இறங்கினேன்.

முதலாளி இரண்டு பில்களையும் மேசைக் கண்ணாடியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரே சரக்கு, ஏ4 தாள் பத்து ரீம். ஒன்றில் வரி 18 வீதம், மற்றதில் 15 வீதம். இரண்டு பில்லும் ஒரே அச்சு இயந்திரத்திலிருந்து வந்தவை. மேற்பகுதியில் மை மங்கிய கோடு கூட இரண்டிலும் ஒரே இடத்தில் விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. தம்பி போட்ட பில்லில் கடையின் பழைய தொலைபேசி இலக்கம் இருந்தது. முதலாளி போட்டதில் புதியது. அந்த இலக்கத்தை முதலாளி மாற்றி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வரி வீதம் ஒரு கோப்பில் இருக்கிறது, தொலைபேசி இலக்கம் ரெஜிஸ்ட்ரி என்னும், விண்டோஸ் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு இடங்கள். ஆனால் இரண்டுமே தம்பிக்குப் பழையதாகத் தெரிகின்றன. அப்படியென்றால் பிழை கோப்பிலும் இல்லை, ரெஜிஸ்ட்ரியிலும் இல்லை. தம்பி யார், முதலாளி யார் என்று விண்டோஸ் நினைப்பதில் இருக்கிறது.

தம்பி என்று நான் சொல்வது காசாளராக அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞரை. புது வருடம், புது ஆள் என்று முதலாளி அவருக்கு விண்டோஸில் தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்திருந்தார். தன்னுடைய மின்னஞ்சலை மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக. அதுவரை அந்தக் கணினியில் ஒரே கணக்குதான், எல்லாரும் அதில்தான் வேலை செய்தார்கள்.

மென்பொருள் பழையது. விபி 6 என்னும் பழைய விஷுவல் பேசிக் மொழியில் எழுதப்பட்டது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த அண்ணன் அதை எழுதிய காலத்தில், நிரல் இருக்கும் கோப்புறையிலேயே அமைப்புகளையும் எழுதிவைப்பதுதான் வழக்கம். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, அட்மின் (கணினி நிர்வாகி) கணக்கில் திறக்கும் நிரலுக்கும், அட்மினாக இயக்கினால் ஒழிய, நிரல்கள் நிறுவப்படும் புரோகிராம் பைல்ஸ் கோப்புறையில் எழுதத் தடை வந்தது. அந்தத் தடையால் பழைய மென்பொருள்கள் எல்லாம் விழுந்துவிடாமல் இருக்க மைக்ரோசொப்ட் ஓர் ஏற்பாடு செய்தது. பழைய 32 பிட் நிரல் ஒன்று புரோகிராம் பைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுப்பதில்லை. எழுதிவிட்டதாக நிரலிடம் சொல்லிவிட்டு, அந்தப் பயனருக்கென்று வெர்ச்சுவல்ஸ்டோர் என்னும் கோப்புறையில் ஒரு பிரதியை எழுதி வைக்கிறது. அடுத்த முறை அதே பயனர் திறந்தால் அந்தப் பிரதியைக் காட்டுகிறது. அசல் கோப்பு அப்படியே இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் கணினி முழுவதற்கும் பொதுவான பகுதிக்கு எழுதினாலும் இதே கதைதான். முதலாளி 18 என்று எழுதியது அவருடைய பிரதியில். புதிய இலக்கத்தை எழுதியதும் அவருடைய பிரதியில். தம்பிக்குத் தெரிவது அசல். ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் இதற்கென்றே ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதைத் தெரியச் செய்து பார்த்தேன். எங்கள் மென்பொருளுக்கு நேரே, இயங்குகிறது என்று காட்டியது.

2022இல் இந்தச் சிக்கல் ஏன் வரவில்லை என்று அங்கேயே யோசித்தேன். அந்த ஒரே வருடத்தில் வரி இரண்டு முறை கூடியது. ஜூனில் 8இலிருந்து 12, செப்டம்பரில் 15. இரண்டு முறையும் நானே நேரில் போய், நிரலை அட்மினாக இயக்கி மாற்றினேன். அட்மினாக இயக்கினால் பிரதி இல்லை, அசலிலேயே எழுதப்படும். 2024இல் தொலைபேசியில் வழி சொல்லி முதலாளியையே மாற்றச் சொன்னேன். அந்தச் சிறிய வித்தியாசம்தான் ஒரு கடையில் இரண்டு வரி வீதங்களை உண்டாக்கிவிட்டது. அன்று காலை தம்பி போட்ட பதினேழு பில்களையும் திருப்பி எழுத வேண்டியிருந்தது. மூன்று வீத வித்தியாசத்தை வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்குவதற்கு முதலாளிக்கு மனம் வரவில்லை. கைக்காசைப் போட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மாலை நான் செய்தது

கடை மூடும் நேரம். வெளியே நாட்டாமைமார் கடைசி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம். முதலாளி கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வந்து என் பின்னால் நிற்கிறார். அந்த அவசரத்தில், இந்தத் தொழிலில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். மென்பொருள் இருக்கும் கோப்புறையை வலது சொடுக்கி, பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, எல்லாரும் என்று பொருள்படும் எவ்ரிவன் என்னும் குழுவைச் சேர்த்து, முழு அனுமதி என்ற கட்டத்தில் சரி போட்டேன். ரெஜிஸ்ட்ரியிலும் தொலைபேசி இலக்கம் இருந்த பகுதிக்கு (அதைச் சாவி என்பார்கள்) அப்படியே. வெர்ச்சுவல்ஸ்டோரில் முதலாளியின் பிரதிகளைத் தேடி அழித்தேன். அழிக்காவிட்டால் அவருக்குத் தொடர்ந்து தன்னுடைய பிரதியே தெரியும், அசலில் என்ன மாறினாலும் கண்ணுக்குப் படாது. பிறகு அசலில் 18 என்று எழுதியதும் இருவருக்கும் 18 வந்தது. முதலாளி நிம்மதியாகச் சிரித்தார். அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன். "சரியாகத்தான் செய்திருக்கிறாய். அதையே செட்டப்பிலும் போட்டுவிடு, இனி எந்தக் கடையிலிருந்தும் அழைப்பு வராது" என்றார்.

போட்டேன். மென்பொருளைக் கடைக் கணினியில் பதிக்கும் நிரலை நிறுவி அல்லது செட்டப் என்போம்; நாங்கள் அதை இன்னோ செட்டப் என்னும் கருவியில்தான் கட்டுகிறோம். கோப்புறைப் பகுதியில் ஒரு வரி, ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் ஒரு வரி. இரண்டிலும் அனுமதி என்ற இடத்தில் எவ்ரிவன்-ஃபுல். அரை நிமிட வேலை. அந்த மாதம் முடிவதற்குள் எங்களுடைய பதினொரு வாடிக்கையாளர்களுக்கும் புதிய செட்டப் போய்விட்டது. அண்ணன் சொன்னது போலவே ஓர் அழைப்பும் வரவில்லை.

அந்த அமைதியைப் பற்றித்தான் இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அனுமதியைக் குறைத்துக் கொடுத்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். கோப்பு திறக்காது, பில் வராது, முதலாளி அழைப்பார். கூட்டிக் கொடுத்தால் எதுவுமே நடக்காது. எல்லாம் முன்பைவிட நன்றாக ஓடும். அதனால் இந்தத் தொழிலில் பல வருடம் இருப்பவர்களுக்குக்கூட, கூட்டிக் கொடுப்பது ஒரு தீர்வு என்றும், குறைத்துக் கொடுப்பது ஒரு பிழை என்றும் மனதில் பதிந்துவிடுகிறது. கொழும்பில் நான் போன கடைகளில் பாதிக்குமேல் மென்பொருள்கள் சி டிரைவின் வேரிலேயே கோப்புறை போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அங்கே வைத்தால் "பிரச்சினை வராது" என்று நிறுவுபவர்கள் சொல்வார்கள். காரணம் வேறொன்றுமில்லை. சி டிரைவின் வேரில் புதிதாக உருவாகும் கோப்புறைக்குள் உள்நுழைந்த எந்தப் பயனரும் மாற்றங்கள் செய்யலாம் என்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. பிரச்சினை வரவில்லை என்று அவர்கள் சொல்வது, கதவு திறந்திருக்கிறது என்பதைத்தான்.

ஒரு வரி

2024 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்தத் தம்பியிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "அக்கா, நேரம் இருந்தால் கடைக்கு ஒருமுறை வர முடியுமா? முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களிடம் காட்ட வேண்டும்." அவர் மாலை வகுப்பில் கணினி படிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். பிழை ஏதாவது கண்டுபிடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஞாயிறு காலை போனேன். சரக்குக் கணக்கெடுப்பதற்காகக் கடையைப் பாதித் திறந்து வைத்திருந்தார்கள்.

"கோபிக்க வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய கணக்கில் உள்நுழைந்தார். சாதாரணக் கணக்கு. புதிதாக எதையும் நிறுவ முடியாது, நேரத்தைக்கூட மாற்ற முடியாது. எங்கள் மென்பொருளின் கோப்புறையைத் திறந்தார். அதற்குள் ஒவ்வோர் இரவும் தரவுகளை வெளி வட்டுக்குப் பிரதி எடுக்கும் ஒரு சர்வீஸ் நிரலும் இருந்தது. 2021இல் நான் சி ஷார்ப் மொழியில் எழுதியது. சர்வீஸ் என்றால் யாரும் உள்நுழையாமலே கணினி இயங்கத் தொடங்கும்போது தானாக எழுந்துகொள்ளும் நிரல். அதை லோக்கல்சிஸ்டம் என்னும் கணக்கில் ஓடவிட்டிருந்தேன். அந்தக் கணினியில் அட்மினைவிடவும் அதிகாரம் கூடிய கணக்கு அது. அனுமதிச் சிக்கல் எதுவும் வராது என்பதற்காக அப்படிச் செய்தேன்; அங்கேயும் அதே யோசனைதான்.

தம்பி அந்த நிரலின் பெயரை மாற்றினார். ஏதாவது தடை வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. தானே எழுதிய சின்ன நிரல் ஒன்றை அதே பெயரில் அந்த இடத்தில் வைத்தார். கணினியை மீளத் தொடக்கினார். மீண்டும் தன் கணக்கில் உள்நுழைந்து, கோப்புறையில் புதிதாக வந்திருந்த ஓர் எழுத்துக் கோப்பை நொட்பேட்டில் திறந்தார். அவருடைய நிரல் செய்தது ஒன்றே ஒன்றுதான்: தான் யாருடைய பெயரில் ஓடுகிறேன் என்று அந்தக் கோப்பில் எழுதி வைத்தது. அதில் ஒரு வரி இருந்தது.

என்டி அதோரிட்டி\சிஸ்டம்.

தாள் அடுக்குகளுக்கு நடுவே அந்த வரியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியாது. லோக்கல்சிஸ்டத்தின் முழுப் பெயர் அது. அந்த நிரல் அந்தப் பெயரை எழுதியதோடு நின்றது. அதே இடத்தில் வேறொன்றை வைத்திருந்தால் அது தம்பியை அட்மினாக்கியிருக்கலாம், முதலாளியின் மின்னஞ்சலைத் திறந்திருக்கலாம், எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டிருக்கலாம். தம்பிக்கு அந்த எண்ணமெல்லாம் இல்லை. ஆனால் அந்தக் கணினியில் பென் டிரைவ் செருகும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அச்சடிக்கக் கோப்பு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். தம்பியின் கணக்கில் தற்செயலாகத் திறக்கப்படும் எந்தத் தீநிரலுக்கும் நான் முழு அனுமதி கொடுத்து வைத்திருந்தேன். முதலாளி தம்பிக்குச் சாதாரணக் கணக்கு திறந்து கொடுத்ததே எல்லாவற்றையும் அவர் கையில் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான். அவர் கதவைப் பூட்டினார். சுவரில் ஓட்டை போட்டவள் நான்.

அந்தக் கடையில் சாவிகளை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை அன்று முதல்முறையாகக் கவனித்தேன். முன் கதவுச் சாவி கணக்கப்பிள்ளையிடம். கிட்டங்கிச் சாவி முதலாளியின் மருமகனிடம். காசு லாச்சியின் சாவி பகலில் தம்பியிடம், மாலையில் முதலாளியிடம். இரும்புப் பெட்டியின் சாவி முதலாளியின் இடுப்பில், எப்போதும். நாற்பது வருடம் கடை நடத்தியவர் யாரிடம் எது இருக்க வேண்டும் என்று இவ்வளவு நுணுக்கமாகத் தீர்மானித்திருக்கிறார். யாரையும் சந்தேகித்து அப்படிச் செய்யவில்லை. ஒரு நாள் ஏதாவது காணாமல் போனால் எல்லாரும் தலை குனிந்து நிற்கவேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான். நானோ அவருக்குத் தெரியாமல், அவரிடம் கேட்காமல், அரை நிமிடத்தில் எல்லாச் சாவிகளையும் எல்லாருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து இன்னோ செட்டப்பின் உதவிப் பக்கத்தை மறுபடி திறந்தேன். நிரல் கோப்புகள் இருக்கும் கோப்புறைக்கு எழுதும் அனுமதி கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும், கொடுத்தால் சாதாரணப் பயனர் அவற்றில் கைவைக்க முடியும் என்ற பொருளில் எச்சரிக்கை அதே பக்கத்தில் இருந்தது. எவ்ரிவன்-ஃபுல் என்று எழுதும் விதத்தை அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்திருந்தேன். எனக்கு வேண்டிய வரி கிடைத்ததும் கீழே வாசிக்கவில்லை.

யாருக்கு எது வேண்டும்

அடுத்த இரண்டு வாரமும் இரவுகளில் இதிலேயே இருந்தேன். மென்பொருளில் எந்தப் பகுதிக்கு யார் எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நிரல் கோப்புகளுக்கு நிறுவியைத் தவிர வேறு யாரும் எழுத வேண்டியதில்லை. அவை புரோகிராம் பைல்ஸில், விண்டோஸ் இயல்பாகக் கொடுக்கும் அனுமதியோடு இருக்கட்டும். வரி வீதம், கடை விலாசம், தொலைபேசி இலக்கம் போன்றவை கடைக்குப் பொதுவானவை. இவற்றுக்கு இடம் புரோகிராம்டேட்டா என்னும் பொதுக் கோப்புறை. திரையின் நிறம், எழுத்தின் அளவு போன்றவை ஒவ்வொரு பயனருக்கும் சொந்தமானவை. அவருக்கென்றே இருக்கும் ஆப்டேட்டா கோப்புறையில் இருந்தால் எந்த அனுமதியும் புதிதாகக் கொடுக்க வேண்டாம். பிரித்து முடித்தபோது, சாதாரணப் பயனர்களுக்கு நான் எழுதும் அனுமதி கொடுக்க வேண்டியது ஒரே ஒரு சிறிய கோப்புறைக்குத்தான் என்று தெரிந்தது. ரெஜிஸ்ட்ரியில் எதற்குமே வேண்டியதில்லை. தொலைபேசி இலக்கத்தை அங்கிருந்து எடுத்துக் கோப்புக்குள் வைத்ததும் அந்தக் கேள்வியே போய்விட்டது.

புரோகிராம்டேட்டாவில் ஒரு பொறி இருக்கிறது. இதில் விழுந்தவர்கள் ஏராளம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அங்கே எந்தப் பயனரும் புதிய கோப்பை உருவாக்கலாம். அதனால் எல்லாரும் எழுதலாம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் உருவாக்கியவர்தான் அந்தக் கோப்பின் சொந்தக்காரர்; கிரியேட்டர் ஓனர் என்ற பெயரில் முழு அனுமதி அவருக்கே போகிறது. மற்றவர்கள் வாசிக்கலாம், மாற்ற முடியாது. என் மடிக்கணினியில், வெர்ச்சுவல்ஸ்டோர் ஏற்பாடு குறுக்கிடாதபடி நிறுத்திவிட்டு, இரண்டு சோதனைக் கணக்குகள் திறந்து பார்த்தேன். முதல் கணக்கில் மென்பொருளைத் திறந்து வரி வீதத்தைச் சேமித்தேன். சரியாக இருந்தது. இரண்டாவது கணக்கில் அதை மாற்றப் பார்த்தேன், அனுமதி மறுக்கப்பட்டது. ஒரே கணக்கில் சோதித்திருந்தால் வாழ்நாள் முழுக்கச் சோதித்தாலும் இது தெரிந்திருக்காது. கடைக்காரர் இரண்டாவது ஆளை வேலைக்கு வைக்கும் நாளில்தான் தெரிந்திருக்கும். ஆகவே அந்தக் கோப்புறையை நிறுவியே முன்கூட்டி உருவாக்க வேண்டும், யூசர்ஸ்-மொடிஃபை (கணினியின் பயனர்கள் குழுவுக்கு மாற்றும் அனுமதி) என்ற அனுமதியையும் அப்போதே அதற்குக் கொடுக்க வேண்டும். முழு அனுமதி அல்ல, மாற்றும் அனுமதி. முழு அனுமதி உள்ளவர் அனுமதிப் பட்டியலையே மாற்றலாம், சொந்தக்காரரையும் மாற்றலாம். வரி வீதத்தை 15இலிருந்து 18 ஆக்குவதற்கு அதெல்லாம் தேவையில்லை. எவ்ரிவனும் அல்ல, யூசர்ஸ்.

குழுவின் பெயரை எழுத்தில் எழுதுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. முன்பு ஜெர்மனி வாடிக்கையாளர் ஒருவருக்குச் செய்த வேலையில், நிறுவி முடிந்ததும் அனுமதிகளை மாற்றும் ஐகேக்ல்ஸ் என்னும் விண்டோஸ் கட்டளையால் யூசர்ஸ் குழுவுக்கு அனுமதி கொடுத்தோம். இங்கே ஓடியது, அங்கே ஓடவில்லை. ஜெர்மன் விண்டோஸில் அந்தக் குழுவுக்குப் பெயர் பெனுட்சர். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் எஸ்-1-5-32-545 என்ற அடையாள எண் உலகம் முழுக்க ஒன்றுதான். அதை எழுதியிருந்தால் அந்த இரவு தூங்கியிருக்கலாம். இன்னோ செட்டப் தனக்குள்ளேயே எண்ணாக மாற்றிக்கொள்கிறது, கட்டளையில் எழுதும்போது நாம்தான் கவனிக்க வேண்டும்.

விண்டோஸின் சொந்த நிறுவல் முறையான எம்எஸ்ஐ பொதிகளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு வேறு தலைவலி. அதில் பழைய லொக்பெர்மிஷன்ஸ் அட்டவணை, இருக்கும் பட்டியலோடு சேர்ப்பதில்லை. பட்டியலை முழுதாக எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறது. யூசர்ஸுக்கு ஒரு வரி எழுதிவிட்டு அட்மினுக்கு எழுத மறந்தால், அட்மின் வெளியே நிற்கவேண்டியதுதான். 2009இல் விண்டோஸ் 7உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் 5.0இல் புதிய அட்டவணை ஒன்று கிடைத்தது. ஆனால் ஒரே பொதியில் பழையதையும் புதியதையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது.

இதையெல்லாம் வாசிக்கும்போது ஒன்று மனதில் தங்கிவிட்டது. விண்டோஸில் ஒரு பொருளுக்கு அனுமதிப் பட்டியலே இல்லாமல் விட்டால், அதை யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பட்டியல் இருந்து, அதில் ஒரு பெயரும் இல்லையென்றால், யாருமே தொட முடியாது. இரண்டும் பார்வைக்கு வெறுமைதான். ஒன்று யாரும் யோசிக்காததால் வந்த வெறுமை, மற்றது யோசித்து வைத்த வெறுமை. நிரலில் அவை ஒரு சொல் வித்தியாசத்தில் நிற்கின்றன.

சர்வீஸ் நிரலையும் விட்டுவைக்கவில்லை. லோக்கல்சிஸ்டத்திலிருந்து எடுத்து, அதிகாரம் மிகக் குறைந்த லோக்கல்சர்வீஸ் கணக்குக்கு மாற்றினேன். தரவுகளை வாசித்து வெளி வட்டில் எழுதுவதற்கு அதுவே போதும். மூன்று வருடம் தேவையில்லாத அதிகாரத்தோடு அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கொடுத்ததைத் திரும்ப எடுப்பது

புதிய செட்டப் தயாரானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பழைய இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டேன், புதிய நிறுவி அவற்றைச் செய்யாது. என் மடிக்கணினியில் பழைய பதிப்பின் மேல் புதியதை நிறுவி, கோப்புறையின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தேன். எவ்ரிவன், முழு அனுமதி. அப்படியே இருந்தது.

இருக்கத்தான் செய்யும். நிறுவியில் அந்த வரி, இருக்கும் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கிறது. அந்த வரியை அழித்தால் இனிமேல் சேர்க்காது, அவ்வளவுதான். ஏற்கெனவே சேர்த்ததை எடுப்பது யாருடைய பொறுப்பும் அல்ல. மென்பொருளை நீக்கினாலும், உள்ளே வேறு கோப்பு ஒன்று மிஞ்சிக் கோப்புறை அழியாமல் நின்றால், அனுமதியும் நிற்கும். அடுத்து யார் வந்து அதே கோப்புறையில் எதை வைத்தாலும் அதற்கும் போய்ச் சேரும். கொடுப்பதற்கு ஒரு வரி எழுதியதுபோல எடுப்பதற்கும் நானே எழுத வேண்டும். பழைய கோப்புறையின் பட்டியலை ஐகேக்ல்ஸால் இயல்பு நிலைக்குத் திருப்புவது, ரெஜிஸ்ட்ரிச் சாவியில் அந்தப் பெயரை நீக்குவது, பழைய பிரதிகளில் இருக்கும் அமைப்புகளை ஒவ்வொரு கணக்கிலிருந்தும் தேடி எடுத்துப் புதிய இடத்தில் சேர்ப்பது. கொடுப்பதற்கு அரை நிமிடம் போனது. எடுப்பதற்கு ஒன்பது நாள் போனது.

செட்டப்பை மின்னஞ்சலில் அனுப்பி, ஓடவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் அதைத்தான் சொன்னார். "ஏன் போய்க் குழப்புகிறாய், புதிய பதிப்பு என்று சொல்லி அனுப்பிவிடு. யாருக்கும் தெரியப்போவதில்லை" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. எட்டு மாதமாக அந்தக் கணினிகள் திறந்து கிடந்தன. அந்த எட்டு மாதத்தில் யாராவது எதையாவது உள்ளே வைத்தார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதை மின்னஞ்சலால் பார்க்க முடியாது. ஒவ்வொரு கடையாகப் போனேன். கோப்புறையில் இருந்த ஒவ்வொரு நிரலையும் என்னிடமிருந்த மூலத்தோடு ஒப்பிட்டேன். முதலாளிமாரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன்.

தெஹிவளையில் ஒருவர் கேட்டுவிட்டு, "பரவாயில்லை பிள்ளை, சொன்னீர்களே" என்று தேநீர் தருவித்தார். பம்பலப்பிட்டியில் ஒருவர் கோபித்துக்கொண்டார். அடுத்த மாதமே வேறு ஆளிடம் போய்விட்டார். அவர் செய்தது நியாயம். மலிபன் வீதி முதலாளி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எவ்ரிவன், சிஸ்டம் எல்லாம் அவருக்குப் புரியாது என்று நினைத்துச் சாவிகளை வைத்து விளக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "தம்பிக்கு இது தெரிந்து எவ்வளவு நாள்?" என்று கேட்டார். "நீங்கள் கணக்கெடுத்த அந்த ஞாயிற்றுக்கு ஒரு கிழமைக்கு முன்பே தெரியும்" என்றேன். திரும்பித் தம்பியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை கடை மூடும்போது கிட்டங்கிச் சாவியை மருமகனிடமிருந்து வாங்கித் தம்பியிடம் கொடுத்து, பூட்டிவிட்டு வரச் சொன்னார்.

பதினொரு கடைகளில் பத்துக்குப் போய்விட்டேன். பதினோராவது கொட்டாஞ்சேனையில் இருந்தது, சிறிய மின்சாதனக் கடை. நான் போனபோது கதவில் வாடகைக்கு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாராம். தளபாடங்களோடு கணினியையும் யாருக்கோ விற்றுவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். வாங்கியவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. முதலாளியின் பழைய இலக்கத்துக்குப் பல தடவை அழைத்துப் பார்த்தேன், பாவனையில் இல்லை என்றே வருகிறது. அவருடைய பில்லின் தலைப்பில் இன்னும் அந்த இலக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இறங்கி, பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.